நந்திக்கு எத்தனை கால்?

பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள், விடிவதற்கு முன்பே மயிலாப்பூர் கிழக்கு மாட வீதி தெற்கு மாட வீதிக்குத் திரும்பும் முனையில் ஒரு கடைப் படியைப் பிடித்துவிடுவேன். அன்று அதிகார நந்தி வாகனம். மாட்டு முகம், மனித உடல், முன்னே நீட்டிய கைகள், உடம்பெல்லாம் வெள்ளித் தகடு. கபாலீசுவரரைக் கண்டு எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்திய தோஷம், என் கண் மட்டும் கீழே போகும். தண்டுக்கு அடியில் இருக்கும் கால்களைப் பார்ப்பேன்.

முனையில் திரும்பும்போது பார்க்க வேண்டும். வாகனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளில் உள்பக்கத்தார் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதிப்பார்கள். வெளிப்பக்கத்தார் எட்டி எட்டி வைப்பார்கள். கார் திரும்ப இதே வேலையைச் செய்யத்தான் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டியை அச்சில் மாட்டியிருக்கிறோம். இங்கே பெட்டியும் இல்லை, பல்லும் இல்லை. ஒருவர் பள்ளத்தில் கால் வைத்தால் அவர் தோள் ஒரு விரற்கடை இறங்கும், பாரம் அக்கம்பக்கத்துத் தோள்களுக்குப் போய்விடும். உயரம் குறைந்தவர் துண்டை இரண்டாக மடித்துச் சும்மாடு வைத்திருப்பார். கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலிக்க, தவில்தான் இத்தனை காலுக்கும் நேரம் சொல்லும். எஞ்சினில் கேம்ஷாஃப்ட் செய்யும் வேலை அது.

நடக்கும் இயந்திரத்தைக் கலையாகச் செய்வது இன்று உலகம் முழுக்க மவுசு. பிரான்ஸின் நாந்த் நகரத்து மர யானை 2007 முதல் ஐம்பது பேரைச் சுமந்து, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சியபடி உலா போகிறது. 12 மீட்டர் உயரம், 48 டன். ஆனால் கால்கள் அசைவது பார்வைக்குத்தான், பாரம் தாங்குவது அடியில் ஓடும் சக்கரங்கள். எனக்குப் பிடித்தவர் நெதர்லாந்தின் தியோ யான்சென். மின்வயர் போடும் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு, காற்றிலேயே கடற்கரையில் நடக்கும் பிராணிகளை 1990 முதல் செய்துவருகிறார். ஒரு காலுக்குப் பதினோரு அளவுகள், கம்ப்யூட்டரைக் கொண்டு தேடிப் பிடித்தவை. மணலில் சக்கரம் புதையும், அவர் கால்கள் புதையாமல் தாண்டும்.

அந்த அளவுகளை வைத்து எங்கள் மொட்டை மாடியில் நானும் ஒன்று கட்டினேன். ஆறு கால், மேலே தெர்மகோல் நந்தி, வெள்ளிக்குச் சமையலறை அலுமினியத் தாள். சமதரையில் அழகாகத்தான் நடந்தார். மழைத்தண்ணீர் வடியக் கொடுத்திருந்த சரிவுக்கு வந்ததும் ஒரு கால் அந்தரத்தில் நின்றது, பக்கத்துக் கால் மடங்கியது, நந்தி குப்புற விழுந்தார். "ஆச்சா? துணி உலர்த்தணும்" என்றாள் என் மனைவி.

விளையாட்டுக்காக அதைக் கட்டவில்லை. பல ஊர்களில் வாகனங்கள் டிராக்டரிலும் டயர் வண்டியிலும் ஏறிவிட்டன. தோள் கொடுக்க ஆளில்லை என்கிறார்கள். டிராக்டரைவிட இயந்திரக் கால் மேல் அல்லவா என்று நினைத்தேன். திருச்சூர்ப் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023 பிப்ரவரியில் பத்தரை அடி உயர இயந்திர யானையை இறக்கினார்களே, அதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். யானையிடம் சம்மதம் கேட்டா சங்கிலி போட்டார்கள்? ஸ்ரீபாதம்தாங்கி விஷயம் வேறு. அவர் விரும்பி வருகிறார். அவருக்குப் பதில் இயந்திரம் தேடிய என் புத்திதான் கோணல் என்று போன வருடம் புரிந்தது.

வாகனத்தை நிறுத்தியிருந்த சில நிமிடத்தில் ஒருவர் என் படியில் வந்து உட்கார்ந்தார். வலத்தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. என் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பாரம் ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"வெயிட்டு பழகிடும் சார். தண்டு தோள்ல இருக்கறப்போ குனிஞ்சு பாக்க முடியாது. ரோட்டைத் தோண்டி மூடியிருக்கான் பாருங்க, அதுதான் வாங்குது."

திரும்பிப் பார்த்தேன். குழாயோ கேபிளோ பதித்துவிட்டு, ஜல்லியைக் கொட்டி அரைகுறையாக மூடிய பள்ளம், தெருவின் குறுக்கே. பத்தடி தள்ளிச் சாலை மட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சாக்கடை மூடி. வெறுங்காலோடு, கீழே பார்க்காமல், தோளில் சுவாமியோடு இதை எல்லாம் தாண்ட வேண்டும்.

இதே ஊரில் வள்ளுவர் கோட்டத்துக் கல் தேர் 1976 முதல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2025இல் அதைப் புதுப்பித்தார்கள், சந்தோஷம். ஆனால் மாட வீதியில் இருப்பது நடக்கும் பொருள். எந்த இயந்திரத்திலும் உராயும் பாகத்துக்குத்தான் முதலில் எண்ணெய் போடுவோம். நந்தியின் வெள்ளியை மெருகேற்றிவிட்டு, கால் படும் தரையை விட்டுவிட்டால் எப்படி? இயந்திரவியல் மாணவர்கள் நாலு பேர் வந்து, யார் தோளில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அளந்து எழுதினால் நல்லது. அது பிறகு நடக்கட்டும். ரோடுதான் அவசரம்.

அடுத்த பங்குனிக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னால் பொறுப்பான அதிகாரி யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு, குனியாமல் நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும். கூட வர நான் தயார். காலை ஆறு மணிக்கு அந்தக் கடைப் படியில் இருப்பேன்.