சட்டப்படி சரிதான்... ஆனா பாட்டு கொரகொரங்குதே!

மக்களே, போன செமஸ்டர் ப்ராஜெக்ட் கொடுக்க இரண்டே நாள் இருக்கும்போது லேப்டாப்பை அப்டேட் பண்ணித் தொலைத்தேன். மறுநாள் காலை, சர்வே கணக்கு போட வைத்திருந்த மென்பொருள் திறக்கவே இல்லை. ஏதோ ஒரு லைப்ரரி கோப்பைக் காணோம் என்று ஒற்றை வரி மட்டும் வந்தது. 'ஙே' என்று முழித்தேன். அந்த மென்பொருளை நான் தொடக்கூட இல்லையே! கடைசியில் பக்கத்து அறை நண்பனின் கணினியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்தேன்.

அவன்தான் விளக்கினான். லைப்ரரி என்பது ஹாஸ்டல் மெஸ் மாதிரி. அறைக்கு அறை அடுப்பு வைப்பதில்லை, பொதுவாக ஒரே இடத்தில் சமையல். மென்பொருட்களும் பொதுவான வேலைகளை லைப்ரரியிடம் விட்டுவிடுகின்றன. மெஸ்ஸில் சமையல் மாறினால் எல்லா அறையிலும் வயிறு கலங்கும்.

சரி, தப்பு யார் மேல்? இதற்கு 2010-ல் லினக்ஸ் உலகத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் நவம்பரில் ஃபெடோரா 14 வந்தது. அதில் 64-பிட் ஃபிளாஷ் பிளேயரில் பாட்டு கேட்டவர்களுக்கு ஒலி கொரகொரத்தது. காரணம், ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி. நினைவகத்தில் ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் 'மெம்காப்பி' என்ற வேலையை அதில் வேகப்படுத்தியிருந்தார்கள். சில புதிய இன்டெல் சிப்களில் அது பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்க ஆரம்பித்தது.

அதனால் என்ன என்கிறீர்களா? ஒரு பெஞ்சில் ஐந்து பேர். எல்லோரும் ஓரிடம் இடப்பக்கம் நகர வேண்டும். இடக்கோடி ஆள் முதலில் நகர்ந்தால் சிக்கல் இல்லை. வலக்கோடி ஆள் முதலில் நகர்ந்தால் பக்கத்து ஆள் மடியில்தான் உட்கார வேண்டும்! நகலெடுக்கும் இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தாதே, 'மெம்மூவ்' இருக்கிறது என்பது சி மொழியின் எழுதப்பட்ட விதி. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. பழைய மெம்காப்பியில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜிலிப்சி தரப்பு வாதம்: விதியை மீறியது ஃபிளாஷ், அவர்களே திருத்தட்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. விதி என்ன சொன்னாலும், பயனாளருக்கு ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கலாமா என்பது அவர் கட்சி.

பிசினஸ் லா படித்தவர்களுக்கு 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும். அதன் முதல் பிரிவே, சட்டத்துக்கு முரணாக இல்லாத வணிக வழக்கத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. பழக்கத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 'முரணாக இல்லாத' என்று ஒரு கொக்கியும் இருக்கிறதே! மெம்காப்பி விஷயத்தில் பழக்கம் விதிக்கு முரண். அந்தக் கணக்கில் ஜிலிப்சி பக்கம்தான் ஜெயிக்கும்.

நான் இடறுவது இங்கேதான். வழக்கு இரண்டு பேருக்கு நடுவில், நஷ்டமோ மூன்றாமவருக்கு. பாட்டுக் கேட்டவர் எந்த விதியையும் படித்ததில்லை, மீறியதும் இல்லை. ஃபிளாஷின் மூல நிரல் மூடி வைக்கப்பட்டது என்பதால், விவரம் தெரிந்தவர்கூட அதைத் திறந்து திருத்த முடியாது. யாரால் சரிசெய்யவே முடியாதோ அவர் தலையில் செலவைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அதுதான் வழி. மாற்றுகிறவர் பழைய வாசலையும் கொஞ்ச காலம் திறந்து வைக்கலாமே என்கிறேன். முடியாத காரியமும் இல்லை. 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14-ல் மெம்காப்பிக்கு இரண்டு பதிப்புகள் வைத்தார்கள். ஏற்கெனவே உருவான நிரல்களுக்குப் பத்திரமான பதிப்பு, புதிதாக உருவாக்குபவற்றுக்கு வேகமான பதிப்பு. வேகமும் போகவில்லை, யார் பாட்டும் கெடவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஃபிளாஷ் 2020 முடிவோடு மூடப்பட்டது. சண்டையின் பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. 'நான் விதிப்படிதான் செய்தேன்' என்பது நல்ல வாதம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், நஷ்டம் யாருக்கு என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டிஸ்கி: ப்ராஜெக்ட் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அப்டேட் பண்ணியது என் தப்பு. அதை எந்த லைப்ரரி மேலும் போடவில்லை :)