மிதிவண்டிக்கு வழி விடுவது யார்? மும்பையிலிருந்து ஒரு மறுப்பு

நம் ஆய்வு வட்டத்தில் அண்மைக்காலமாக ஒரு வகைக் கட்டுரை பெருகிவருகிறது. பிரெஞ்சுக் கிராமப்புறத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகவும் மலையடிவாரங்கள் வழியாகவும் மிதிவண்டியில் செல்லும் பயணத்தை அது வியந்து பாடும். லுவார், தோர்தோன் நதிக்கரைகள், பிரெனே மலையின் அடிவாரச் சிற்றூர்கள், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணம் என்று விரிந்து சென்று, கடைசியில் தவறாமல் ஒரு பெருமூச்சில் முடியும்: "நம்மிடம் மிதிவண்டிப் பண்பாடு இல்லை." மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து ஞாயிறு அதிகாலையில் கிளம்பி, கர்ஜத் வரை உல்லாஸ் நதிப் பள்ளத்தாக்கைத் தொட்டுத் திரும்புகிறவர்களும், போர் கணவாய் ஏறி லோனாவ்லாவில் தேநீர் அருந்துகிறவர்களும் இதே பெருமூச்சைத்தான் விடுகிறார்கள். அவர்கள் போவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மழைக்காலத்தில் அந்தச் சாலைகள் அழகானவை. என் மறுப்பு அந்தப் பெருமூச்சுக்கு மட்டுமே. அது வரலாற்றின்படியும் பிழை, மும்பையைப் பொறுத்தவரையிலும் பிழை.

முதலில் பிரான்ஸ். மலைச்சாலைப் பயணத்தின் தந்தை என்று போற்றப்படும் பால் தெ விவி (1853–1930) சேன்தெத்தியேன் என்ற தொழில்நகரத்துக்காரர். பட்டு வணிகத்திலிருந்து மிதிவண்டித் தொழிலுக்கு வந்தவர். பல்சக்கர கியர் அமைப்புக்காக அவர் வாதாடிய காலத்தில் பந்தய உலகம் அதை மதிக்கவே இல்லை. தூர் தெ பிரான்ஸ் போட்டியில் எல்லா வீரர்களுக்கும் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். ஆனால் சாதாரண மக்கள் கிராமப்புறச் சாலைகளில் பெருந்திரளாக இறங்கியதற்குக் காரணம் கியரும் அன்று, இரசனையும் அன்று. 1936 ஜூனில், பெரும் வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து, லேயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பையும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் மிதிவண்டியிலும் இருவர் மிதிக்கும் டான்டெம் வண்டியிலும் ஏறிக் கடலையும் பள்ளத்தாக்கையும் பார்க்கக் கிளம்பினார்கள். இன்றும் அங்கே ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்பது சட்டம். "பண்பாடு" என்று நாம் வியப்பது, போராட்டமும் சட்டமும் விட்டுச்சென்ற வண்டல்.

இனி மும்பை. இங்கே சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்க்க அதிக ஆராய்ச்சி வேண்டியதில்லை. சாலைகளின் நுழைவாயிலில் உள்ள பலகைகளைப் படித்தால் போதும். 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலை, 2009இல் வந்த பாந்த்ரா–வொர்லி கடல்பாலம், 2024இல் வந்த அடல் சேது, அதே ஆண்டு திறக்கத் தொடங்கிய கடற்கரைச் சாலை, இவற்றில் எதிலும் மிதிவண்டிக்கு இடமில்லை. வேகம், பாதுகாப்பு என்று விடை வரும். சரி, ஒரு தடத்தைத் தனியாகப் பிரித்துத் தந்திருக்கலாமே? பொதுப்பணத்தில் கட்டிய பாலத்தில் மோட்டார் உள்ளவருக்கு மட்டும் வழி என்பது பொறியியல் தீர்ப்பு அன்று. அது அரசியல் தீர்ப்பு.

தடம் பிரித்துத் தந்த இடத்தில் நடந்ததையும் பார்த்தோம். மித்தி ஆற்றின் கரையில் எழுந்த பாந்த்ரா–குர்லா வளாகத்தில் மிதிவண்டித் தடம் போட்டார்கள். அதில் கார்கள் நின்றன. கடைசியில் மோட்டார் வாகனங்களுக்குக் கூடுதல் தடம் வேண்டுமென்று அதையே எடுத்துவிட முடிவாயிற்று. பவாய் ஏரிக்கரையில் போட முயன்ற தடத்தை 2022 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. சூழலியல் நோக்கில் அது சரியான தீர்ப்பே. ஏரியை நிரப்பிப் போடும் உல்லாசத் தடம் மாநகராட்சியின் கற்பனைக்கு எட்டியது. அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போகும் சாலையில் ஒரு முழத் தடம் எட்டவில்லை.

இவ்வளவுக்கும் இந்த நகரத்தில் மிதிவண்டி ஓடாமலா இருக்கிறது? தாராவியில் பொழுது விடியுமுன்னே இட்லி அவிகிறது. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே இத்தொழிலில் பெரும்பான்மை. கேரியரில் கட்டிய பெரிய பாத்திரத்தில் இட்லியும் வடையும், இருபுறமும் தொங்கும் வாளிகளில் சாம்பாரும் சட்னியும், கைப்பிடியில் ரப்பர் பந்து ஹாரன். அந்த "பாம் பாம்" கேட்டால் மாடிவீட்டிலிருந்து பாத்திரத்தோடு இறங்கி வருகிறவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். மராத்தியரும் குஜராத்தியரும் அதே ஒலிக்குத்தான் காத்திருக்கிறார்கள். சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று மேம்பாலம் ஏறி இறங்கும் அந்தக் கனத்த வண்டியில் கியர் கிடையாது. தெ விவி வாதாடிய கருவி நூறாண்டு கழித்தும் இவர்களை வந்தடையவில்லை. சுமையோடு ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள்.

இவர்களை எந்த மிதிவண்டிப் பண்பாட்டு ஆய்வும் மிதிவண்டிக்காரர்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. நம் வகைப்பாட்டில் இவர் "முறைசாராத் துறை". கர்ஜத் போகிறவர் "சைக்கிளிஸ்ட்". முன்னவரைப் பற்றிய ஆய்வேடு பொருளாதாரத் துறையில் தூங்குகிறது, பின்னவரைப் பற்றியது நகரியல் கருத்தரங்கில் வாசிக்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நகர்ந்துகொண்டே விற்பவரையும் வணிகராக ஏற்கிறது. மிதிவண்டித் தடம் பற்றிய திட்ட அறிக்கைகளோ அவரைப் பயனாளியாகப் பார்ப்பதில்லை. (பண்பாடு என்ற சொல்லுக்கு வியர்வை ஆகாது போலும்.)

இந்தப் பாராமுகம் வெறும் கவனக்குறைவு என்றால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டேன். தான்சா குடிநீர்க் குழாய்களின் கதையைப் பாருங்கள். அந்தக் குழாய்களின் இருமருங்கும் பத்துப் பத்து மீட்டருக்குள் இருந்த குடியிருப்புகளை, குடிநீர்ப் பாதுகாப்பை முன்னிட்டு அகற்றுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மிதிவண்டிப் பாதைக்காகவே வெளியேற்றினார்கள் என்று சொல்வது பிழை. அப்படிச் சொல்லும் நண்பர்களைத் திருத்துகிறேன். ஆனால் காலியான அந்த நிலத்தில் முலுண்டிலிருந்து தாராவி, சயான் பக்கம் வரை 39 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை அமைப்பதாக மாநகராட்சி 2017இல் அறிவித்தது. நீலக் குழாய்களின் ஓரமாகப் பசுமைச் சக்கரங்கள் என்று அதற்கு அழகான பெயரும் சூட்டியது.

அங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பகுதியினர் செம்பூரை அடுத்த மாஹுலுக்கு. சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த பகுதி அது. அங்குள்ள காற்றின் தரம் மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் குடும்பங்களை அங்கே அனுப்பினார்கள். 2018 அக்டோபர் இறுதியில் அம்மக்கள் வித்யாவிஹார் நடைபாதையில் அமர்ந்து போராடினார்கள். 2019இல் உயர்நீதிமன்றம், அங்கே போக மறுப்பவர்களுக்கு வேறு வீடு தரவேண்டும், இல்லையேல் மாதம் 15,000 ரூபாய் வாடகை தரவேண்டும் என்று ஆணையிட்டது. தூய காற்றை வாங்க மிதிவண்டிப் பாதை இங்கே. அந்த மண்ணில் குடியிருந்தவர்களுக்கு ஆலைப்புகை அங்கே. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய மிதிவண்டிப் பண்பாட்டுக் கட்டுரை எதையும் நான் இதுவரை வாசிக்கவில்லை.

இப்போது தாராவியே வரிசையில் நிற்கிறது. மறுமேம்பாட்டுத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவர்களும் மேல்தளத்தில் வசிப்பவர்களும் தாராவிக்கு வெளியே போகவேண்டும். முலுண்டின் உப்பள நிலமும் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் அதற்கான இடங்களாகப் பேசப்படுகின்றன. இட்லிக்காரரில் எத்தனை பேர் தரைத்தளத்தில் பட்டாவோடு வாழ்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தாராவியிலிருந்து மாட்டுங்கா மூன்று கிலோமீட்டர் சுற்றில் இருக்கிறது. முலுண்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல். அத்தனை தூரம் மிதித்து வந்தால் இட்லி ஆறிப்போகும், காலை உணவு நேரமும் கடந்துவிடும். வீட்டுக்குப் பதில் வீடு என்ற கணக்கில் இந்த மூன்று கிலோமீட்டர் எங்கும் பதிவாவதில்லை. சதுர அடியை அளக்கிறார்கள், மிதிக்கும் தூரத்தை அளப்பதில்லை.

விடுமுறை நாளில் மலையேறுகிறவரும் சாலையில் லாரிக்கு அஞ்சித்தானே ஓட்டுகிறார், அவரை ஏன் எதிரியாக்குகிறீர்கள் என்று கேட்கலாம். எதிரி என்று நான் சொல்லவில்லை. மோட்டார் ஆட்சி செய்யும் சாலையில் இருவரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள்தாம். ஆனால் மாநகராட்சி ஆணையரைச் சந்திக்க நேரம் கிடைப்பதும் நாளிதழில் பத்தி எழுதுவதும் ஒருவருக்கே வாய்க்கிறது. அவர் தமக்கு மட்டும் தடம் கேட்டால் கிடைப்பது ஏரிக்கரைத் தடமும் குழாயோரத் தடமும்தான். 90 அடிச் சாலையிலிருந்து சயான் வழியாக மாட்டுங்கா வரை, காலை ஐந்து மணி முதல் பத்து மணி வரையிலாவது சுமைவண்டிக்குத் தனி வழி வேண்டும் என்று அவர் கேட்கட்டும். இருவருக்கும் அது பயன்படும்.

நம் துறை மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நகர்ப்புறப் போக்குவரத்து பற்றி இந்த ஆண்டு ஆய்வுத்திட்டம் எழுதுகிறவர்கள், தாராவியில் கணக்கெடுப்பும் தகுதிப் பட்டியலும் முடிந்து ஆட்கள் கலைவதற்கு முன், எந்தச் சந்திலிருந்து எத்தனை மிதிவண்டிகள் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்தத் தெருவரை போய்த் திரும்புகின்றன என்பதை ஒரு வரைபடமாகப் பதிவுசெய்யுங்கள். நீதிமன்றத்தில் வாழ்வாதாரத் தூரம் பற்றிப் பேச வேண்டிய நாள் வரும்போது, கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.