ஷெனானிகன்ஸ்: பிறந்த வீடு தெரியாத சொல்



ஆங்கிலத்தில் ‘ஷெனானிகன்ஸ்’ என்றொரு சொல் உண்டு. சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒரு குட்டிக்கரணம் போடும். பிள்ளைகள் வீட்டில் அடிக்கும் லூட்டிக்கும் அதே சொல்தான். கணக்கு வழக்கிலும் தேர்தலிலும் நடக்கும் தில்லுமுல்லுக்கும் அதே சொல்தான்.

இது அச்சில் முதலில் தென்பட்டது 1855இல், கலிபோர்னியாவில். அந்த ஊரையும் காலத்தையும் அறிந்தால் சொல்லின் குணம் புரியும். 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்குகளைக் கண்டெடுத்தார். சேதி பரவியதும் பல நாட்டவரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத சான் பிரான்சிஸ்கோவில் இரண்டே ஆண்டுகளில் சுமார் 25,000 பேர்!

அங்கே தங்கத் தூள்தான் காசு. ஒரு கோப்பை மதுவுக்கு விலை, குடிக்க வந்தவரின் பையிலிருந்து கடைக்காரர் இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. ஒன்றும் விளையாத சுரங்கத்தைத் தலையில் கட்ட நினைத்தவர்கள், துப்பாக்கிக்குள் தங்கத் தூளைத் திணித்துப் பாறையில் சுட்டார்கள். வாங்க வந்தவர் கிட்டே போய்ப் பார்த்தால் பாறை மினுமினுக்கும். ஏமாற்று வேலைக்குப் புதிதாக ஒரு சொல் அங்கே புழங்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

அது எந்த மொழியின் பிள்ளை? பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா வந்த ஐரிஷ் மக்களின் மொழியில், நரியைக் குறிக்கும் சொல் கிட்டத்தட்ட இதே சாயலில் ஒலிக்கும். ‘நரித்தனம்தான் இப்படித் திரிந்தது’ என்கிறார்கள் சிலர். கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவிடம் இருந்த மண்; ஏமாற்றைக் குறிக்கும் ‘சனாடா’ என்ற ஸ்பானியச் சொல்லே மூலம் என்கிறார்கள் வேறு சிலர். ஜெர்மானியத் தெரு வியாபாரிகளின் குழூஉக்குறியைக் காட்டுவோரும் உண்டு.

நரிக் கதை கேட்க இனிக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு உறுதியாகிவிடாது. ஒரு சொல் யார் வாயில், எந்த ஆண்டில், எந்த வடிவில் இருந்து எப்படி மாறியது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். அது கிடைக்காததால், அகராதிக்காரர்கள் எல்லா ஊகங்களையும் குறித்துவிட்டு, ‘தோற்றம் உறுதியில்லை’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். சொல்லின் மேல் பாசம் இருப்பவர்கள் அதற்கு இல்லாத பரம்பரையைக் கட்டிவிட மாட்டார்கள்.

நம்மிடமும் சேட்டை, குசும்பு, வால்தனம், அழிச்சாட்டியம் என்று குறும்புக்குத்தான் எத்தனை சொற்கள்! உங்கள் ஊரில் மட்டும் புழங்கும் குறும்புச் சொல் ஒன்றை எழுதி அனுப்புங்கள். அதை யார் சொல்லிக் கேட்டீர்கள், எந்த ஊரில், எந்தச் சூழலில் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். நாளை அந்தச் சொல்லின் வேரைத் தேடப்போகும் ஒருவருக்கு உங்கள் கடிதமே சான்றாகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்