குழிந்த கல்லும் கூரிழந்த கத்தியும்

தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது நன்றிகேட்டிற்குத் தமிழர் காட்டும் உவமை. கூர் கொடுத்த மரத்தையே வெட்டிப் பார்க்கும் இழிசெயலைப் பழமொழி கண்டிக்கின்றது. அதனினும் பரவலான குற்றமொன்று கண்டிப்பாரின்றி நடந்து வருகின்றது. தீட்டிய கல்லை ஒருமுறையேனும் திரும்பிப் பாராமையே அக்குற்றம். கத்தி மழிக்கவில்லையாயின் எஃகு தரமற்றது என்பர். தீட்டிய கை தேர்ச்சியற்றது என்பர். கல்லின் முகம் குழிந்து கிடப்பதை மட்டும் காணார்.

அரிவாளும் அடுக்களைக் கத்தியும் பெருந்தன்மை உடையவை. குழிந்த கல்லில் தீட்டினும் அவை ஒருவாறு தம் பணியைச் செய்துவிடும். கைப்பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்தி அத்தகையதன்று. அதனைத் தீட்டும்போது கோணத்தைக் கை நிறுவுவதில்லை. கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லின்மேல் படியுமாறு கிடத்தியே தீட்டுதல் வேண்டும். முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமும் சேர்ந்து, ஏறத்தாழ 16 முதல் 18 பாகை வரையிலான கோணத்தைத் தாமே அமைக்கின்றன. செய்தவன் கத்தியினுள்ளேயே அளவுகோலை வைத்துத் தந்திருக்கின்றான் எனலாம். அந்த அளவுகோல் ஒன்றை மட்டும் நம்பி நிற்கின்றது: கல் சமதளமாக இருக்கும் என்பதே அந்நம்பிக்கை. கல் குழியுமாயின் அளவுகோல் பொய்த்துப் போகின்றது.

கல் ஏன் குழிகின்றது? எஃகைத் தேய்க்கும் கல், தானும் தேய்கின்றது. தீட்டுவோர் கைகள் கல்லின் நடுப்பகுதியையே நாடுகின்றன. இரு முனைகளும் மூலைகளும் குறைவாகவே உராய்கின்றன. ஆகவே நடு தாழ்ந்து ஓரம் உயர்கின்றது. நீரில் நனைத்துத் தீட்டும் மென்மையான கற்களில் இது விரைந்தும், கடினமான கற்களில் மெல்லவும் நிகழும். நிகழாத கல் இல்லை.

அகலவாட்டில் குழிந்த கல்லில் நேரான வாயை வைத்தால், அடியும் நுனியும் ஓரங்களில் முட்டி நிற்க, நடுவாய் கல்லைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நீளவாட்டில் குழிந்திருப்பின் வாயின் விளிம்பில் கோணம் விரிந்து, தட்டையாக இருக்கவேண்டிய சரிவு உருண்டுபோகும். அக்கத்தி ஓரிடத்தில் மழிக்கும். மற்றோரிடத்தில் மயிரைப் பற்றி இழுக்கும். கூர் போதவில்லை என்று அதே கல்லில் மேலும் தீட்டுவர். முதுகு தேயும், வாய் வளையும், கத்தியின் ஆயுள் குறையும். கூர் மட்டும் வாராது. பின்னர் கத்தியைப் பழித்து மூலையில் எறிவர். குற்றவாளி விடுதலை பெற, நிரபராதி தண்டிக்கப்படும் நீதிமன்றம் இது!

"தேர்ந்த கைக்குக் கல் எப்படி இருந்தால் என்ன? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என எள்ளி நகையாடுவாரும் உளர். பழமொழி பொன் போன்றதே. பொருத்திய இடம் தவறு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும்போது, ஆடுபவளை நோவது அறமாகாது. கத்தி கல்லோடு படிந்து செல்வதே இக்கலையின் இலக்கணமாதலின், கையின் தேர்ச்சி முழுவதும் கல்லின் முகத்திற்குக் கட்டுப்பட்டது. குழிந்த கல்லில் கைத்திறன் மிக்கவன் செய்வதெல்லாம், குழிவைப் பிழையின்றிக் கத்திக்கு மாற்றுவதே.

"வளைந்த வாயுடைய கத்திகளும் உளவே, அவற்றிற்குக் குழிந்த கல் பொருந்தாதோ?" என்பது மற்றொரு வாதம். பொருந்தாது. அத்தகைய கத்தியைச் சமதளக் கல்லின்மேல் அடியிலிருந்து நுனிவரை சிறிது சிறிதாக உருட்டித் தீட்டுவதே முறை. வளைவைக் கை அறிந்து தருகின்றது. குழிந்த கல்லோ தன் கேட்டின் வளைவை அறியாமல் திணிக்கின்றது. இரண்டும் ஒன்றாகா.

மூன்றாவது வாதம் சிக்கனத்தைப் பற்றியது. பெல்சியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டப்பெறும் கொட்டிகூல் எனும் மஞ்சள் நிறக் கல்லும், சப்பானின் கியோட்டோ வட்டாரத்து இயற்கைக் கற்களும் சவரக்கத்தியாளர் போற்றுபவை, விலையும் மிக்கவை. "அவற்றை வீணே தேய்ப்பதா?" என்பர். உண்மை நேர்மாறானது. சிறு குழிவை அவ்வப்போது நீக்கினால் கல் இழப்பது மிகச் சிறிது. ஆண்டுக்கணக்கில் விட்ட குழிவை நீக்கவோ, உயர்ந்து நிற்கும் ஓரங்கள் முழுவதையும் அந்த ஆழம்வரை தேய்த்தாக வேண்டும். சிக்கனம் எனப் பெயரிட்ட சோம்பலே கல்லை அழிக்கின்றது.

சமன் செய்யும் முறையோ மாணவரும் செய்யத்தக்க எளிமை உடையது. கல்லின் முகமெங்கும் பென்சிலால் கட்டங்கள் வரைதல் வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகைமேல் நீர்தாங்கும் உப்புத்தாளைப் படியவைத்து, நீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்துச் சீராகத் தேய்த்தல் வேண்டும். மேட்டில் உள்ள கோடுகள் அழியும். பள்ளத்தில் உள்ளவை எஞ்சும். எல்லாக் கோடுகளும் அழிந்தபின் மீண்டும் வரைந்து தேய்த்து, அவை முகமெங்கும் ஒருசேர மறைகின்றனவா எனப் பார்த்தல் நலம். பின்னர்க் கூரிய ஓரங்களைச் சற்றே மழுக்கி, கல்லை நன்கு கழுவவேண்டும். உப்புத்தாளின் பருமணி ஒன்று நுண்ணிய கல்லில் தங்கினும் கத்தியின் வாயைக் கீறிவிடும்.

"சமன் செய்யும் பலகையே சமமானது என்பதற்கு என்ன உறுதி?" இது நல்ல வினா, வாதங்களுள் மதிக்கத்தக்கதும் இதுவே. இதற்கான விடையை இங்கிலாந்தின் பொறியியல் அறிஞர் யோசப் விட்வொர்த்து 1840ஆம் ஆண்டு கிளாசுகோவில் கூடிய அறிவியல் மன்றத்தின் முன் விளக்கினார். இரு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் அமைந்து, இரண்டும் இசைந்து ஏமாற்றக்கூடும். மூன்று தட்டுகளாயின் அவ்வேமாற்று நடவாது. அ என்பது ஆ-வோடும், ஆ என்பது இ-யோடும், இ என்பது அ-வோடும், திசை மாற்றிப் பார்த்தாலும் பொருந்துமாயின், மூன்றும் சமதளமாக இருந்தே ஆகவேண்டும். அவர் உலோகத் தட்டுகளைச் சுரண்டிச் சமன் செய்தார்; மூன்று கற்களையும் முறைமாற்றி உரசுவோர்க்கும் அதே நெறி பயன்படும். ஒன்றையொன்று புகழ்ந்து நிற்கும் இருவர் சான்றாகார். மூன்றாமவன் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

"சில்லெட்டு பிளேடு 1903இல் விற்பனைக்கு வந்தபோதே இக்கலை முடிந்தது, இனி எதற்கு இவ்வாராய்ச்சி?" என்பது இறுதி வாதம். முடிதிருத்தகங்கள் பலவற்றில் இன்று ஆளுக்கொரு புதிய பிளேடைச் செருகி மழிக்கின்றனர். நோய்த்தொற்றைத் தடுக்கும் அவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் தமக்கென ஒரு கத்தியைப் பேணித் தாமே மழித்துக்கொள்வோர் உலகில் இன்றும் உளர். தச்சரின் உளியும் இழைப்புளியும் சமமான கல்லையே வேண்டி நிற்கின்றன. எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் பெருகியதனால், பழுதின் காரணத்தை ஆராயும் பழக்கம் அருகியதே உண்மையான இழப்பு.

இவ்விழப்பு கத்தியோடு நின்றால் கவலையில்லை. வகுப்பறையில் மழுங்கல் என்று முத்திரை குத்தப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆண்டுதோறும் ஒரே பாடத்தை ஒரே தடத்தில் உரசி உரசிக் குழிந்துபோன கல்லை எவரேனும் சோதித்ததுண்டா? கல்லும் தேயும் என்பதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. தேயாத கல் கூர் தந்ததாக வரலாறு இல்லை. தேய்ந்த பின்னும் சமன் செய்துகொள்ள மறுப்பதே இழிவு.

ஆகவே, கத்தியை எறிவதற்கு முன் கல்லின்மேல் ஒரு நேர்கோலை நிறுத்தி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்குக. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நோக்குக. கோலின் அடியில் ஒளி கசியுமாயின், கத்தியைத் தண்டிக்க எவருக்கும் உரிமையில்லை.