கை தப்பா, தாள் தப்பா?



"எனக்கு டிராயிங்கே வராதுப்பா." நம்ம பள்ளியில் இதைச் சொல்லாதவர்கள் ரொம்பக் கம்மி. என் கருத்து என்னவென்றால், இப்படிச் சொல்றவங்களில் பாதிப் பேருக்குக் கை நல்லாத்தான் இருக்கு, தாள்தான் சரியில்லை. மீதிப் பாதிக்கு வருஷத்தில் ஒரு நாளோ ரெண்டு நாளோதான் பிரஷ் பிடிக்கக் கிடைக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை சைக்கிள் ஓட்டினால் யாருக்குத்தான் வரும்?

கிரேயான், ஸ்கெட்ச் பேனாவுக்கு எந்தத் தாளாக இருந்தாலும் பரவாயில்லை. வாட்டர் கலர் அப்படி இல்லை. அது தண்ணியோடு சேர்ந்து தாளுக்குள் இறங்குகிறது. இன்னொன்று, வாட்டர் கலரில் வெள்ளை என்பது பெரும்பாலும் பெயின்ட் கிடையாது, தாள்தான் வெள்ளை. ஏரியில் நிற்கிற கொக்கை வரையணும்னா சுற்றியுள்ள தண்ணிக்கு மட்டும் கலர் அடித்துவிட்டு, கொக்கைச் சும்மா விட்டுவிட வேண்டும். அப்போ படத்தில் பாதி வேலையைத் தாள்தானே செய்கிறது?

இதைச் சும்மா சொல்லவில்லை. கோடை விடுமுறையில் கையில் கிடைத்த தாளை எல்லாம் சோதித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ், ஒரே ரெண்டு கலர் (நீலமும் செம்மண் கலரும்). மூன்று சோதனை. முதலில் ஒரு பட்டை அடித்து, ஈரமாக இருக்கும்போதே அதில் ஒரு சொட்டுத் தண்ணி விடுவது. அடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேலேயே இரண்டாவது கோட் அடிப்பது. கடைசியாக ஈர பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கலரைத் திரும்ப எடுக்கப் பார்ப்பது.

கோடு போட்ட நோட்டுத் தாள் முதல் பட்டையிலேயே அப்பளம் மாதிரி வளைந்தது. இரண்டாவது கோட்டில் பொடிப்பொடியாக உரிந்து வந்தது. ஜெராக்ஸ் தாள் கொஞ்சம் தாங்கியது, ஆனால் அதுவும் அலை அலையாகி, பள்ளத்தில் எல்லாம் கலர் தேங்கிவிட்டது. சார்ட் பேப்பர் பார்க்கத்தான் கெட்டி. அதன் வழவழப்பில் கலர் வழுக்கிக்கொண்டு ஓடி, காய்ந்ததும் திட்டுத்திட்டாக நின்றது. நாம் போட்டிக்கு வாங்குவது எதை? சார்ட் பேப்பரைத்தான்! பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கிற அட்டைப் பெட்டியின் உள்பக்கம் கலரை அப்படியே குடித்துவிட்டது. எந்தக் கலர் அடித்தாலும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைச் சொல்லவே முடியாது. ஒன்று நன்றாக வரும், இன்னொன்று மெழுகு பூசினது போல் தண்ணியைத் தள்ளும்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஏ4 அளவில் 16 தாளை ஒட்டினால் ஒரு சதுர மீட்டர் வரும். ஆக 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் ஒன்று வெறும் 5 கிராம்தான். ஓவியர்கள் வாட்டர் கலருக்குப் பயன்படுத்துகிற தாள் பெரும்பாலும் 300 ஜி.எஸ்.எம்., அதே அளவில் கிட்டத்தட்ட 19 கிராம். (கணக்கு சார் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்.)

ஆனால் கனம் மட்டும் போதாது, கஞ்சியும் வேணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாவுக்கு ஏன் அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் காய வைக்கிறோம்? இழை விறைப்பாக நிற்கத்தானே. தாளுக்கும் அதே மாதிரி ஒரு பூச்சு உண்டு. அது இருந்தால்தான் கலர் சட்டென்று உள்ளே போகாமல் மேலே கொஞ்ச நேரம் நிற்கும், நாம் ஈரத்தோடு விளையாட முடியும். இத்தாலியில் ஃபாப்ரியானோ என்கிற ஊரில் 13ஆம் நூற்றாண்டிலேயே தாளுக்கு விலங்குத் தோலில் இருந்து எடுத்த பசையைப் பூசினார்கள். நல்ல வாட்டர் கலர் தாளுக்கு இன்றைக்கும் ஜெலட்டின் மாதிரிப் பூச்சு போடுகிறார்கள்.

சரி, நாமும் பார்ப்போமே என்று சோற்றுக் கஞ்சியை வடிகட்டி ஜெராக்ஸ் தாளின் இரண்டு பக்கமும் தடவிக் காய வைத்தேன். உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது! தண்ணிச் சொட்டு அப்படியே பரவாமல் முத்து மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் தாள் முறுக்கு மாதிரி நொறுங்கியது. ஒரு வாரத்தில் கரப்பான்பூச்சி ஓரத்தை எல்லாம் தின்றுவிட்டது. எங்க பாட்டி, "உன் படத்துக்கு முதல் ரசிகன் வந்துட்டான்டி" என்றாங்க.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தாளை ஈரமாக்கி, பரீட்சை அட்டை மேல் பரப்பி, நாலு ஓரத்திலும் செய்தித்தாள் பட்டையை மைதா பசையால் ஒட்டிவிடுங்கள். காயும்போது தாள் இறுகி, மேளத் தோல் மாதிரி ஆகிவிடும். டிராயிங் நோட்டுத் தாளே இதில் இரண்டு கோட் தாங்குகிறது. வரைந்து முடித்துக் காய்ந்த பிறகுதான் வெட்டி எடுக்கணும்.

பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-ல் இருந்து இருக்கிறது. அங்கே பருத்தியில் தாள் செய்கிறார்கள். செய்தித்தாள் மாதிரி மரக்கூழில் செய்த மலிவுத் தாள் நாளடைவில் பழுப்பாகிவிடும், பருத்தித் தாள் சீக்கிரம் அப்படி ஆகாது. எங்க மாமா பாண்டிக்குப் போனபோது எனக்கு ஒரு கெட்டியான கைக்காகிதத் தாள் வாங்கி வந்தார். அதில் அடித்த நீலம் காய்ந்த பிறகும் நீலமாகவே இருந்தது. அன்றைக்குத்தான் என் கையை நானே ஆச்சரியமாகப் பார்த்தேன். ஆனால் கைக்காகிதம் என்றாலே ஆகும் என்று நினைக்காதீர்கள். பரிசுப் பை செய்கிற வகை கலரை உறிஞ்சிவிடும். கடையில் வாட்டர் கலருக்கு என்று கேட்டு வாங்கணும்.

நம்ம கைலாசநாதர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பிராகாரத்தைச் சுற்றி 58 சின்னச் சின்னக் கோயில்கள். சிலவற்றின் உள்ளே பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-ல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார். அந்த ஓவியர்கள் கரடுமுரடான மணற்கல்லில் நேராக வரையவில்லை. முதலில் சுண்ணாம்புப் பூச்சு பூசிச் சுவரைத் தயார் செய்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்தார்கள். பூச்சு விழுந்த இடத்தில் ஓவியமும் போச்சு. பூச்சு நின்ற இடத்தில், 1300 வருஷம் ஆகியும் ஒரு முகமோ ஒரு கண்ணோ இன்னும் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது புல்தரையில் புளியோதரை சாப்பிடுவதோடு நிறுத்தாமல் அந்தச் சின்னக் கோயில்களுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.

"அதெல்லாம் சரி, நல்ல தாளுக்குக் காசு?" என்று கேட்பீர்கள். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். விலை கேட்டால் எனக்கும் பக் என்றுதான் இருந்தது. ஆனால் அதைப் பாதி பாதியாக ஐந்து தடவை மடித்து வெட்டினால், போஸ்ட் கார்டு அளவில் 32 துண்டு கிடைக்கும். ஒரு மாசத்துக்கு எத்தனை நாள்? 31. தினம் ஒரு துண்டு வரைந்தாலும் ஒன்று மிச்சம்! நான் விசாரித்த விலையை 32-ஆல் வகுத்தால் ஒரு துண்டு நாலு ரூபாய்க்குள் வந்தது.

தினமும் வரையணும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூட் வரட்டும், லீவு வரட்டும் என்று காத்திருந்தால் பிரஷ் முடிதான் விறைத்துப்போகும். தறியில் உட்கார்கிறவர்கள் மூட் பார்த்தா உட்கார்கிறார்கள்? தினம் புதுசு புதுசாக விஷயம் தேடவும் வேண்டாம். ஓவியர் ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியையே திரும்பத் திரும்ப வரைந்தார். நான் எங்க வீட்டுத் திண்ணையில் இருக்கிற ராட்டையை வரைகிறேன். பதினைந்து தடவை வரைந்தாச்சு. சாயங்கால நிழல் தினமும் வேற மாதிரி விழுவது எட்டாவது படத்தில்தான் எனக்குப் புரிந்தது.

"பத்தாம் வகுப்பு வருது, இப்போ போய் படமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நான் கேட்பது பத்து நிமிஷம்தான். எங்க அம்மா என் வயசில் பள்ளிக்கூடம் போகவில்லை. தாத்தா தறியில் கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளினாங்க. அப்போ நம்ம ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்பறை. அவங்க கை முழுசும் வேலைக்கே போயிடுச்சு. அம்மாகிட்ட அனுமதி கேட்டபோது, "பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம், அப்புறம் கணக்கு நோட்டை எடு" என்றாங்க. அப்படியே செய்கிறேன். கணக்கில் மார்க் குறையவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியப் போட்டியில் ஒருவர் கெட்டித் தாளும் டியூப் கலரும் கொண்டு வருகிறார். இன்னொருவர் கணக்கு நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து எடுத்து வருகிறார். முதலாமவருக்குப் பரிசு. அங்கே போட்டி இரண்டு தாளுக்கா, இரண்டு கைக்கா? இந்த முறை எல்லாருக்கும் ஒரே தாளைப் பள்ளியே கொடுக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு இரண்டு முழுத் தாள் வாங்கினால் 64 துண்டு, எல்லாருக்கும் போதும். ஓவிய பீரியடில் வேறு பாடம் நடத்துவதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் சார், டீச்சர்.

பின்குறிப்பு: மாமா கொடுத்த தாளில் என்னிடம் இன்னும் ஒன்பது துண்டு இருக்கிறது. "எனக்கு வராது" என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று தருகிறேன். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாங்க. தண்ணி டப்பா நீங்க கொண்டு வரணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி