புலமைப்பரிசில் எழுதப் போகும் பிள்ளைக்குக் கோச்சி எதற்கு?

நான்கு மாதமாக எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் யாரும் வேண்டாதவர்கள் இல்லை. மகன் நான்காம் வகுப்பு, அடுத்த வருடம் பரீட்சை. "ரெண்டு பேரும் டீச்சர்மார், நீங்களே இப்படி விட்டா எப்படி?" என்று சாச்சி போன கிழமையும் கேட்டுவிட்டுப் போனா. வியாழக்கிழமை மாலை வகுப்பை நிறுத்தியதுதான் அவவுக்குப் பெரிய கவலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நாங்களும் எல்லோரையும் போல கடையில் ஒரு பிளாஸ்டிக் ரயில் வாங்கிக் கொடுத்தோம். பற்றரி போட்டால் வட்டமாக ஓடும், விசில் அடிக்கும். இரண்டாம் நாளே மகன் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டான். மூன்றாம் கிழமை மோட்டரும் நின்றது. ரயில் பழுதானதற்காக அவன் அழவில்லை. அதில் அவன் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை, அதுதான் காரணம்.

பிறகு கட்டாரில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது யாரோ பாவித்த ஒரு செட் கொண்டு வந்தார். ஓர் இன்ஜின், இரண்டு பெட்டி, ஒரு வட்டத்துக்குத் தண்டவாளம், 12 வோல்ற் கொன்றோலர். எச்ஓ என்று சொல்லும் அளவு, அதாவது உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. மகன் அடிமட்டம் வைத்து அளந்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் பிரித்தால் 19க்கு மேல் வருகிறது, பொருந்தவில்லை. 100ஆல் பிரித்தால் 16.76, கிட்டத்தட்டச் சரி. ஆகவே வீடு, ஸ்டேஷன், மரம் எல்லாம் 1:100 என்று முடிவெடுத்தோம். ஒரு மீற்றர் ஒரு சென்றிமீற்றர். இன்ஜின் மட்டும் கொஞ்சம் பெரிதாக நிற்கும். இந்தக் கலையில் ஊறியவர்கள் பார்த்தால் ஏசுவார்கள், பரவாயில்லை.

அளவிடைப் படத்தை நாங்கள் வருடாவருடம் கரும்பலகையில் கற்பிக்கிறோம். ஸ்டேஷன் கதவு 2 மீற்றர் என்றால் மட்டையில் எத்தனை சென்றிமீற்றர் வெட்ட வேண்டும் என்று இவன் சோறு தின்னும்போது கேட்கிறான். பரீட்சைக்கு இது உதவுமா என்று கேட்டால், உதவலாம். ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. அப்படிச் சொல்லி நியாயப்படுத்தவும் விருப்பமில்லை.

அறை சின்னது. அதனால் ஒரு பிளைவூட் பலகையை 5 அடிக்கு 3 அடியாக வெட்டி, கீழே சில்லுப் பூட்டி, கட்டிலுக்கடியில் தள்ளும்படி செய்தோம். வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 37 சென்றிமீற்றர், 3 அடி அகலத்துக்குள் அடங்கும். மலைநாட்டுப் பாதையின் மிகக் கடுமையான வளைவுக்கே 100 மீற்றர் அளவில் ஆரை உண்டு. எங்கள் அளவிடையில் அதற்கே ஒரு மீற்றர் வேண்டும். எங்கள் கரையோரப் பாதையிலோ அந்த மாதிரி வளைவுகள் இல்லை. மகன் அந்தப் பொய்யை மறைக்க வளைவு முழுவதும் தென்னை நட்டான். ஓலைகள் உம்மம்மாவின் பழைய பச்சை உல்லன் நூல், அடிமரம் ஈர்க்கில். தென்னைக்குப் பின்னால் களப்பு, அதன் ஓரத்தில் இறால் பண்ணைத் தொட்டிகள். செட்டின் பெட்டியில் பனிமலைப் படம் இருந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கரைமணலைக் கொண்டு வந்து கோந்தில் ஒட்டியபோது இன்ஜின் கரகரவென்று நின்றது. கழற்றிப் பார்த்தால், மோட்டரின் காந்தத்தில் கரிய மணல் துகள். அதன் பிறகு மணலைத் தாளில் பரப்பிக் காந்தத்தை ஓட்டி, கரிய துகளை எடுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறோம். உப்புக்காற்றில் தண்டவாளம் நாலு நாளில் மங்கிவிடும். அழிறப்பரால் தேய்த்தால் சரி. இந்த வேலை மகளுக்கு, அவளுக்கு ஆறு வயது.

இருவருக்கும் கொன்றோலருக்காக நடந்த சண்டையைத் தீர்த்ததும் ரயில்வேதான். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமலிருக்க, ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் கட்டிய ஒரு 'டெப்லட்டை' ட்ரைவர் கையில் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரை போக முடியாது. மகளின் உடைந்த வளையலை டெப்லட் ஆக்கினோம். அது யாருடைய கையிலோ அவருடைய முறை. நாங்கள் அதட்டியபோது அடங்காதவர்கள் அந்த வளையலுக்கு அடங்குகிறார்கள்.

இனி, எங்கள் தவறு. ஒரு நாள் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பலகையை வெளியே இழுத்தோம். மகன் செய்த ஸ்டேஷன் கோணலாக இருந்தது, கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது, களப்புக்குப் பூசிய நீலம் பிளாட்போம் வரை வழிந்திருந்தது. இருவரும் இரவு ஒரு மணி வரை இருந்து எல்லாவற்றையும் 'சரி' செய்தோம். புதிய சுவர், நேர்க்கூரை, நேர்த்தியான நீலம். போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பிலும் போட்டோம். மாஷா அல்லாஹ் என்று பதில்கள் குவிந்தன. காலையில் மகன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். நான்கு நாள் வெளியே எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் உம்மம்மாவிடம்தான் சொன்னான்: "அது இப்ப வாப்பாட கோச்சி."

அந்தச் சொல்லுக்குப் பிறகு நாங்கள் எங்கள் பாடசாலையைப் பற்றியும் யோசித்தோம். பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் கொடுக்கிறோம். மறுகிழமை ரெஜிபோமில் வெட்டிய அழகான எரிமலையும் மின்குமிழ் எரியும் கிராமமும் வருகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையின் கை அதில் படவே இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். தெரிந்தும் அதற்குத்தான் கூடப் புள்ளி போடுகிறோம். சப்பாத்துப் பெட்டியில் தானே ஒட்டிக் கொண்டு வந்த பிள்ளை பின்வரிசையில் அதை மேசைக்கடியில் மறைக்கிறது. கலாசாலையில் படித்த காலத்தில் 'செய்து கற்றல்' என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவர்கள் நாங்கள். பெற்றோரைக் குறை சொல்வது லேசு. அந்தப் புள்ளியைப் போட்ட சிவப்புப் பேனை எங்கள் கையில்தான் இருந்தது. இந்தத் தவணையிலிருந்து செயற்றிட்டம் எல்லாம் வகுப்பறையிலேயே, பிள்ளையின் கையாலேயே என்று வைத்திருக்கிறோம். இரண்டு பெற்றோருக்குக் கோபம். காட்சி நாளில் மேசை அழகாக இருக்காது என்பதும் உண்மைதான்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நாங்கள் கட்டிய சுவரை அவன் பிய்த்தெடுத்தான். தன் பழைய ஸ்டேஷனைக் குப்பைக்குள்ளிருந்து உம்மம்மா எடுத்து வைத்திருந்தா. அது மறுபடியும் பலகையில் ஏறியது, அதே சரிந்த கூரையோடு.

1926இல் புத்தளம் வரை வந்து சேர்ந்த பாதை இது. நூறு வருடப் பாதையில் எங்கள் ஊர் ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்று மகன் இப்போது நேரில் போய்ப் பார்த்து எழுதி வருகிறான். பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறான். சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிழை. நாங்கள் கண்டோம், திருத்தவில்லை. அவனுடைய சிங்கள டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வருவா, அவ பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை வகுப்புக்கு மீண்டும் அனுப்புவதாக இல்லை. சாச்சி வாசிப்பா என்று தெரியும்.

இன்னொரு விசயம். முந்தலில் இரண்டு ரயில் ஒன்றையொன்று விலத்த வேண்டும் என்று மகன் சொல்கிறான். அதற்கு ஒரு ஜோடி பொயின்ற் தேவை, புதிதாக வாங்க விலை தாங்காது. யாரிடமாவது எச்ஓ அளவில் பழையது கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பழுதானாலும் பரவாயில்லை, அவனே திருத்தப் பார்ப்பான்.