நகைக் கலப்பு அணுத் தகட்டிலும் பலிக்கிறது!

ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் அரங்கநாதர் கோவிலின் பொன் விமானத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 13-ம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் அந்தக் கோவிலுக்குப் பொன் வேய்ந்தான். தங்கம் தட்டத் தட்ட மெல்லிய தகடாகும். அதனால்தான் விமானத்தையே தங்கத்தால் போர்த்த முடிகிறது.

தகட்டை எவ்வளவு மெல்லியதாக்கலாம்? ஓர் அணுவின் கனத்துக்கு ஆக்கலாம்! அதற்கு மேல் மெலிய வழியில்லை. 2024-ல் சுவீடன் நாட்டு லிங்கோபிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தங்கத்தில் அப்படிச் செய்து காட்டினார்கள். ஒரு காகிதத்தின் கனம் வரவேண்டுமானால், அத்தகைய தகடுகளைச் சுமார் 3 லட்சம் அடுக்க வேண்டும்.

ஆசாரியின் கணக்கு

திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதியில் 22 காரட் நகை வாங்குகிறீர்கள். அதில் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதே 916 முத்திரையின் பொருள்.

இது மோசடி அல்ல. சுத்தத் தங்கம் மிருதுவானது. அதில் வளையல் செய்தால் நெளிந்துவிடும். செம்பு கூடினால் நகை சிவக்கும். வெள்ளி கூடினால் வெளுக்கும். பங்கு மாறினால் குணம் மாறும்.

அணுத் தகட்டிலும் இது நடக்குமா?

நடக்கும் என்று 2021-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை காலியம், இண்டியம் என்ற இரு உலோகங்கள். காலியம் 30 டிகிரி வெப்பத்திலேயே உருகும். திருச்சி வெயிலில் வைத்தால் தண்ணீராய் ஓடும்! இண்டியம் செல்போன் தொடுதிரையில் இருக்கிறது.

இரண்டையும் ஆவியாக்கி, கிராபீன் என்ற ஏட்டுக்கு அடியில் புகவிட்டார்கள். கிராபீன் என்பது கரி அணுக்களால் ஆன ஏடு. பென்சில் கரியே அதன் அடுக்குதான். உலோகம் அடியில் ஓரிரண்டு அணு கனத்துக்குப் படிந்தது. பாலை ஆடை மூடுவது போல ஏடு மூடிக் காத்தது. காற்றுப் பட்டும் தகடு கெடவில்லை.

பங்கை மாற்ற மாற்ற, தகடு ஒளியை ஏற்கும் விதம் மாறியது. மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் குணமும் மாறியது.

நமக்கு என்ன லாபம்?

நாளைக்கே வீட்டுக்கு வரும் பண்டம் எதுவும் இல்லை. தடையில்லா மின்னோட்டம், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரிக் குளிரில்தான் கிடைக்கிறது. ஆனால், குவாண்டம் கருவிகளுக்கு வேண்டிய உலோகத்தை வேண்டிய குணத்தோடு செய்ய வழி பிறந்திருக்கிறது. குவாண்டம் ஆராய்ச்சிக்காக மத்திய அரசு 2023-ல் சுமார் 6,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

பணம் இருந்தால் போதுமா? ஆள் வேண்டாமா? திருச்சியில் 1964-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று என்.ஐ.டி. ஆக இருக்கிறது. அங்கே உலோகவியல் படிப்பு உண்டு. "கம்ப்யூட்டர் படிப்புதான் படிப்பு" என்று சொல்லும் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும். நாளைய கம்ப்யூட்டரைச் செய்யவும் உலோகத்தின் குணம் அறிந்தவன் வேண்டும்!